நாய்ச்சட்டக்காரர் வீட்டு நாய்

ஜூன் பிறந்து ஓடைத் தண்ணீரின் குளிர் கொஞ்சம் விட்டதும் டன்னிங் மேட்டில் ஆடு குளிப்பாட்டும் வேலை தொடங்கிவிடும். மயிர் கத்தரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டையும் தண்ணீரில் இறக்கி, குளிர்காலத்துச் சாணமும் பிசுக்கும் போக அலசிவிட வேண்டும். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நடுங்குவார்கள். ஆப்பிள் மது ஜாடி கரையில் கைமாறிக்கொண்டே இருக்கும். கறுப்பு ஈக்கள் காதிலும் மூக்கிலும் புகுந்து, வாயைத் திறந்தால் தொண்டைக்கே போய்விடும். அப்படியும் அந்த வேலைக்கு முகம் சுளிப்பவர் யாருமில்லை. மெரினோ ஆட்டு மயிரை நம்பித்தான் அந்த மேட்டில் அத்தனை அடுப்பும் எரிந்தது. வெர்மாண்ட் மாநிலம் முழுக்கவே அப்போது அப்படித்தான்.

குளிப்பாட்டுவதற்கு ஓடையில் அணை கட்டிய வாரத்தில்தான் எலெக்டா பெல்டிங்கின் வீட்டுக்கு அந்தச் சங்கடம் வந்து சேர்ந்தது.

எலெக்டாவின் கணவர் ஜோத்தம் பெல்டிங் வக்கீல். தோல் பதனிடுகிறவரின் மகன். மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய வக்கீலின் அறையைப் பெருக்கிக்கொண்டே சட்டம் படித்து வந்தவர். உயரமான ஆள், கறுப்புக் கோட்டின் வால் பின்னால் பறக்க அவர் நடந்து வருவதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு, "வக்கீல் வர்றாரு, வாயைக் கழுவிக்கிட்டு வாங்கடா" என்று கேலி பேசுவார்கள். கேலி பேசினாலும் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊர் கூடி அவரைத்தான் மாநிலத் தலைநகர் மாண்ட்பீலியருக்குச் சட்டசபை உறுப்பினராக அனுப்பும். சபை கூடும் இலையுதிர் காலமெல்லாம் அவர் அங்கே இருப்பார். மற்ற நாட்களில் பாதி கோர்ட்டு கோர்ட்டாகப் போய்விடும். மாடு, ஆடு, பாலாடைக்கட்டி, சோப்புக் காய்ச்சுவது, மேப்பிள் மரத்தில் பால் இறக்குவது எல்லாம் எலெக்டாவின் தலையில். ஒரே மகள் கல்யாணமாகி ஒஹையோ பக்கம் போய்விட்டாள்.

சபையில் ஜோத்தம் எத்தனையோ பேசியிருக்கிறார். ஜனங்களுக்கு நினைவிருந்தது நாய்ச் சட்டம் ஒன்றுதான். ஆட்டைக் கடித்த நாயை, அது நிரூபணமானால், உடையவன் 'கொல்லலாம்' என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தார்கள். ஜோத்தம் எழுந்து நின்று அரைநாள் பேசினார். "'லாம்' என்று விட்டால் ஏழையின் நாய் சாகும். பெரிய மனிதரின் நாய் வாலாட்டிக்கொண்டு திரியும்" என்றார். கடைசியில் 'கொல்ல வேண்டும்' என்று மாற்ற வைத்த பிறகே உட்கார்ந்தார். அன்றிலிருந்து மாவட்டம் முழுக்க அவருக்கு நாய்ச்சட்டக்காரர் என்று பேர்.

அவர் அந்தச் சட்டத்துக்காக மாண்ட்பீலியரில் உட்கார்ந்திருந்த அதே பருவத்தில்தான், முதல் பனி விழுந்த ஒரு நாள், கார்லோ எலெக்டாவின் கொட்டகைக்கு வந்தது. பழுப்பு நிறம், எலும்பும் தோலுமான உடம்பு, கிழிந்த இடது காது. எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. எலெக்டா மோர்த்தண்ணீர் ஊற்றினாள். குடித்துவிட்டுப் போகும் என்று பார்த்தால் போகவில்லை. அந்த வருஷம் அவளுக்கு நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் வந்து படுத்தபோது, கதவைப் பிராண்டிப் பிராண்டி உள்ளே வந்து அவள் கால்மாட்டிலேயே கிடந்தது. பக்கத்து நிலத்து ஒபேத் டர்க்கீயின் வீட்டு வாசலில் போய்க் குரைத்து அவனை அழைத்து வந்ததும் அதுதான். ஜோத்தம் ஊர் திரும்பியபோது அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். சாய்வு நாற்காலிக்கடியில் ஒரு நாய் படுத்திருந்தது.

"இது யாரு?" என்றார்.

"நீங்க இல்லாதப்ப இருந்தவன்" என்றாள்.

அதன் பிறகு அவர் அந்த நாயைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

அணை கட்டிய அந்த ஜூன் வாரத்தில் ஒரு நாள் விடியலில் பள்ளத்து மூடுபனி மாட்டுக் கொட்டகை வரைக்கும் ஏறி நின்றது. எலெக்டா பால் கறக்க வாளியோடு வெளியே வந்தாள். மூடுபனிக்குள்ளிருந்து கார்லோ வந்தது. வழக்கம்போலப் பாய்ந்து வரவில்லை. வயிறு தரையில் உரச, வாலை இடுக்கிக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் ஈரம். கழுத்து மயிரில் சிவப்பு. அதன் வாயைப் பிளந்து பார்த்தாள். பல்லிடுக்கில் ஆட்டு மயிர்.

வாளியைக் கீழே வைத்தாள். அப்புறம் ஒன்றும் யோசிக்கவில்லை. நாயைக் கழுத்தோடு பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போய், குழைசோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பல்லிடுக்கு மயிரை விரலால் நோண்டி எடுத்து அடுப்பில் போட்டாள். மயிர் கருகும் நாற்றம் சமையலறை முழுக்க எழுந்தது. கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள், போகவில்லை. உப்புப் பன்றிக்கறியை வாணலியில் போட்டு, அதன் மேல் வெங்காயத்தை அள்ளிக் கொட்டினாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஜோத்தம் மூக்கை உறிஞ்சினார். "என்ன விசேஷம், காலங்காத்தால வெங்காயம்?"

"தோணுச்சு, போட்டேன். உக்காருங்க."

அவர் இரண்டாவது தரம் கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒபேத் வாசலில் வந்து நின்றான். பின்னால் கைவண்டி. அதில் சாக்கைப் போட்டு மூடியிருந்ததன் ஓரத்தில் ஒரு குளம்பு தெரிந்தது.

ஒபேத் நிதானமான ஆள். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கேட்கிறவர்கள் மூக்குப்பொடி போட்டு முடித்துவிடலாம். தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"வாடா ஒபேத், கறி இருக்கு" என்றார் ஜோத்தம்.

"சாப்பிட்டேன் வக்கீலண்ணே." சாப்பிட்டிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஒரு விஷயம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எந்த எல்லைக்கல்லு நகந்துச்சு?"

"எல்லைக்கல்லு இல்ல. ஆடு. என் நல்ல தாய் ஆடு, நெத்தியில சுருளா மயிரு இருக்குமே, அது. கூட ரெண்டு குட்டி." மூச்சை இழுத்தான். "நாயி ரெண்டு. ஒண்ணு எங்கேயோ வெளியூரு நாயி, கறுப்பு. இன்னொண்ணு... இன்னொண்ணு கார்லோ, அண்ணே."

ஜோத்தம் கரண்டியைக் கீழே வைத்தார். எலெக்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வாணலியைச் சுரண்டினாள்.

"ராத்திரி முழுக்க அடுப்படியிலதான் கிடந்தான்" என்றாள் திரும்பாமலே.

கார்லோ மேஜைக்கடியில் ஈரம் காயாத உடம்போடு படுத்திருந்தது. ஒபேத் அதைப் பார்த்தான். பிறகு பார்வையைத் தொப்பிக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"அப்ப நான் வேற நாயைப் பாத்திருப்பேனோ என்னமோ. காது கிழிஞ்சிருந்துச்சு அக்கா. அதான்."

"மூடுபனியிலயா காதைப் பாத்தே?" என்றார் ஜோத்தம். அவர் குரல் அதற்குள்ளேயே கோர்ட்டுக்குப் போய்விட்டது. "எவ்வளவு தூரத்துல? பொழுது விடிஞ்சிருந்துச்சா?"

"கேள்வி கேக்காதீங்க அண்ணே, எனக்குக் குழம்பிப்போகும். போன வாரம் பர்ணபி ஆடும் இப்படித்தான் செத்துச்சு. அவன் வந்தா துப்பாக்கியோட வருவான். அதனாலதான் நான் முந்தி வந்தேன்."

"துப்பாக்கி எதுக்கு? நீதிபதி அமாசாகிட்டப் போங்க. சட்டப்படி விசாரிக்கட்டும். நானே வந்து நிக்கிறேன்."

ஒபேத் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான். சக்கரம் கிரீச்சிடும் சத்தம் மூடுபனிக்குள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று பகல் முழுக்க எலெக்டா பாலாடைக்கட்டி வேலையில் கிடந்தாள். பாலைச் சூடாக்கி, உறைய வைத்து, கத்தியால் கீறி, துணியில் கட்டி, அழுத்துப்பலகையின் திருகை முறுக்கினாள். ஜோத்தம் கோர்ட்டுப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தார். கோழிகள் வழிவிட்டு ஓடின.

"சாட்சி ஒரே ஒரு ஆள். மூடுபனி. சூரியன் வரல. ஆதாரம்னு ஒரு மயிரு கிடையாது. அமாசா என்ன செய்வான்? கேஸைத் தள்ளுபடி பண்ணுவான்." அவர் முகம் சின்னப் பையன் முகம்போல் மலர்ந்திருந்தது. "நீ ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டா போதும். அடுப்படியில கிடந்தான்னு."

"பைபிள்மேல கை வச்சா?"

"பின்னே?"

திருகை இன்னொரு சுற்று முறுக்கினாள். மோர்த்தண்ணீர் சொட்டியது.

"ஒபேத் பொய் சொல்ற ஆள் இல்லீங்க."

"பொய்னு யாரு சொன்னா? தப்பாப் பாத்துட்டான்."

"நீங்க போட்ட சட்டந்தானே இது."

"சட்டம் நிரூபணம் கேக்குதே, எலெக்டா! நிரூபணம் இல்லாம ஒரு நாயைக் கொல்லச் சொல்லி நான் எழுதல." அவர் அருகே வந்து நின்றார். வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தினார். "அது உனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். நான் இல்லாத நாளெல்லாம் இந்த வீட்டுல உன்கூட இருந்தது அதுதான். அதுக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனியாக இருக்கும் நாட்களைப் பற்றி அவர் பேச்செடுத்ததே இல்லை. கழுவியதைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியாமல் போயிற்று.

மறுநாள் விடுதிக் கூடத்தில் ஊர் கூடிவிட்டது. ஊர் நீதிபதி அமாசா டெவீ மாவரைக்கும் மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். புருவம் இரண்டும் மாவு படிந்து வெள்ளையாக இருந்தன. மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். துடைத்த இடத்திலும் மாவு.

"யாரும் எச்சில் துப்பாதீங்க, விடுதிக்காரம்மா திட்டுவா" என்றார். "ஒபேத், சொல்லு."

ஒபேத் சொன்னான். ஆடு கத்தும் சத்தம் கேட்டது, ஓடினான், வேலிக்கல் மேல் ஏறிப் பார்த்தான், கறுப்பு நாய் ஒன்று, பழுப்பு நாய் ஒன்று, பழுப்புக்கு இடது காது கிழிசல். அவ்வளவுதான். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஜோத்தம் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்வரிசையில் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். வக்கீல் பேசக் கேட்பதென்றால் அந்த ஊருக்குச் சர்க்கஸ் வந்த மாதிரி.

"வேலிக்கும் ஆட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"கல்லெறி தூரம்."

"யாரு எறியற கல்லு? நீயா, உன் பெண்சாதியா?"

சிரிப்பு. ஒபேத்தும் கொஞ்சம் சிரித்தான். "என் பெண்சாதிதான் தூரமா எறிவா."

"மூடுபனி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அந்த மூடுபனியில நாயோட காதுல கிழிசல் தெரிஞ்சுதா?"

"அண்ணே, தெரிஞ்சுச்சு."

"எந்தக் கண்ணால பாத்தே, ஒபேத்?"

கூடம் சட்டென்று அடங்கிவிட்டது. ஒபேத்துக்குப் புரியவில்லை.

"உனக்கு ஒரு கண்ணுதானே தெரியும்? இடது கண்ணு தெரியாதே?"

"தெரியாது."

"எத்தனை காலமா தெரியாது?"

ஒபேத் யோசித்தான். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். "உங்க கொட்டகைக்கு உத்திரம் ஏத்தினோமே, அன்னிக்கு மரச்சில்லு தெறிச்சுதுல்ல. அன்னியிலேருந்து."

யாரும் சிரிக்கவில்லை. ஜோத்தம் கோட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் வக்கீல். கேஸ் கையில் இருந்தது. ஒரே ஒரு சாட்சிதான் பாக்கி.

"சரி. என் மனைவி ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

எலெக்டா எழுந்து வந்தாள். அமாசா பைபிளை மாவு தட்டி நீட்டினார். அவள் கையை வைக்கவில்லை.

"சத்தியம் பண்றதுக்கு முன்னாலயே சொல்லிடறேன், அமாசா" என்றாள். "ஒபேத் பாத்தது சரி. அன்னிக்கு விடியக்காலம் கார்லோ ரத்தத்தோட வந்தான். பல்லுல மயிரு இருந்துச்சு. நான்தான் கழுவிவிட்டேன். மயிரை அடுப்புல போட்டேன். நாத்தம் தெரியக் கூடாதுன்னு வெங்காயம் வதக்கினேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. ஒபேத், இவங்க முன்னால உன்னைக் குருடன்னு பேச விட்டேன். என்னை மன்னிச்சுக்கோ."

"பரவால்ல அக்கா" என்றான் ஒபேத். "எங்க வீட்டு நாயா இருந்தா நானும் கழுவியிருப்பேன்."

அமாசா புருவத்தைச் சொறிந்துகொண்டு ஜோத்தமைப் பார்த்தார். "சட்டம் என்ன சொல்லுது வக்கீல்? நீங்களே சொல்லிடுங்க. புஸ்தகம் மில்லுல இருக்கு."

ஜோத்தம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கொல்ல வேண்டும்" என்றார்.

"யாரு?"

"உடையவன்."

ஆடு பறிகொடுத்த பர்ணபியே பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "என் மச்சான் கனடாப் பக்கம் இருக்கான். அங்க ஆடே கிடையாது. கொண்டுபோய் விட்டுடலாமே. யாரு கேக்கப் போறா?"

"நல்ல யோசனை" என்றார் இன்னொருவர். ஏழெட்டுத் தலைகள் ஆடின. எலெக்டா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் பர்ணபி. உனக்குப் புண்ணியமாப் போகும். அப்படி ஒரு வழி இருந்துச்சு. இருக்கக் கூடாதுன்னு அடைச்சவன் நான்தான்" என்றார் ஜோத்தம்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். வழி முழுக்கச் சேறு. ஓடைக்கரையில் அணைக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார் ஜோத்தம்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் சேற்றிலிருந்து பூட்ஸைப் பிடுங்கி அடுத்த அடி வைத்தார். "தெரியல" என்றார்.

மறுநாள் காலை எலெக்டா சோளரொட்டியைப் பாலில் பிசைந்து, மேலே பன்றிக்கொழுப்பை உருக்கி ஊற்றி வைத்தாள். கார்லோ தட்டைச் சுவர்வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் நக்கியது. ஜோத்தம் துப்பாக்கியை எடுத்தார். வேட்டைக்குப் போன மனிதரில்லை அவர்.

"ஒபேத்தைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்."

நாய் அவருக்கு முன்னால் ஓடியது. அவரோடு அது வெளியே போனது அதுதான் முதல் தடவை. அதற்கு ஒரே சந்தோஷம். மேட்டுக் காட்டின் ஓரத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே குழி வெட்டியிருந்தது. ஆழமான குழி; நரி தோண்ட முடியாது. ஒபேத் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, தன் தெரியாத கண் அவர் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றான்.

எலெக்டா சமையலறையில் நின்றாள். சத்தம் கேட்டது. இன்னொன்று கேட்கக் கூடாதே என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை.

ஜோத்தம் முழங்கால்வரை மண்ணோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுதானா?" என்றாள்.

"ஒண்ணுதான்."

அவள் குனிந்து அவருடைய பூட்ஸைக் கழற்றிவிட்டாள்.

அதற்கப்புறம் கோடை முழுக்க அந்த வீட்டில் நாயைப் பற்றிய பேச்சே இல்லை. வேறு பேச்சும் அதிகம் இல்லை. செத்த ஆடுகளுக்குச் சட்டப்படி இரண்டு பங்காக எலெக்டாவின் மந்தையிலிருந்து நல்ல ஆடுகளாகப் பார்த்து ஒபேத் வீட்டுக்குப் போயின. ஒபேத் அவற்றை ஓட்டிக்கொண்டு போன கையோடு திரும்பி வந்து, கேட்காமலேயே இவர்களுடைய மற்ற ஆடுகளைக் குளிப்பாட்டிக் கொடுத்தான். எலெக்டா அவனுக்கு ருபார்ப் என்ற புளிப்புத் தண்டைப் போட்டுப் பணியாரம் சுட்டு வைத்தாள். வைக்கோல் அறுப்பு வந்தது. ஜோத்தம் கோர்ட்டு வேலையை விட்டுவிட்டுக் கோட்டைக் கழற்றி அரிவாள் பிடித்தார். அவர் அறுத்த வரிசை கோணிக்கொண்டு போனது. பின்னால் வந்தவர்கள் சொல்லாமல் நேர் பண்ணினார்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எலெக்டா பன்றிக்கொழுப்பைத் தடவிவிடுவாள். அவர் என்னவோ சொல்லத் தொடங்குவதுபோல் இருக்கும்; சொல்லமாட்டார்.

செப்டம்பரில் ஊர் கூடியது. இந்தத் தடவை வக்கீல் பேரைச் சொல்வதா வேண்டாமா என்று எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒபேத் எழுந்தான். அவன் பொதுவில் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"ஜோத்தம் பெல்டிங்கை நான் சொல்றேன்" என்றான். கையில் தொப்பியை ஒரு சுற்று உருட்டினான். "சட்டம் தன் வீட்டுக்கு வந்தப்ப அதை வளைக்கத்தான் பாத்தாரு. எலெக்டாக்கா விடல. அதனால ரெண்டு பேரையும் சேத்துதான் சொல்றேன்."

"பொம்பளைய எப்படிடா சேத்துச் சொல்லுவே?" என்று யாரோ கத்தினார்கள். கூடம் சிரித்து அதிர்ந்தது. ஜோத்தம் பேருக்குத்தான் கைகள் உயர்ந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவர் கோட்டைக் கழற்றாமலே அடுப்படி வாசலில் நின்றார். எலெக்டா ஆப்பிளை நறுக்கி, காயப்போடுவதற்காக நூலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்னையத்தான் மறுபடியும் போகச் சொல்றாங்க." கோட்டுப் பொத்தானைத் திருகினார். "போகட்டுமா?"

கேள்வி அவளுக்குப் புதிது. இத்தனை வருஷமும் 'போகிறேன்' என்றுதான் வந்து சொல்லியிருக்கிறார். ஊசியை ஆப்பிளிலேயே குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போகலாம். நானும் வர்றேன்."

"எங்க?"

"மாண்ட்பீலியருக்கு."

"எலெக்டா, அது தங்கற விடுதி. உறுப்பினர்கள் ஒரு கட்டில்ல ரெண்டு பேரா படுக்கறோம். எந்நேரமும் புகையிலைப் புகை. வெறும் பீன்ஸ்தான் போடறாங்க."

"ரெண்டு பேரு படுக்கற கட்டில்ல நான் படுத்துக்கறேன். அந்த இன்னொரு ஆளை வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க."

"மாடு?"

"ஒபேத்கிட்டச் சொல்லிட்டேன்."

"எப்போ சொன்னே?"

"வைக்கோல் அறுப்பப்பவே."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வெகுநாளைக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தார்.

அக்டோபரில் ஒரு காலை கிளம்பினார்கள். மேப்பிள் இலை பாதி உதிர்ந்து சாலையெல்லாம் சிவந்து கிடந்தது. வண்டியில் ஒரு டிரங்குப்பெட்டி, ஒரு பாலாடைக்கட்டிச் சக்கரம், கால் சூட்டுக்குத் துணியில் சுற்றிய செங்கல். ஒபேத்தின் நிலத்தைத் தாண்டி மேட்டுச்சாலை ஏறத் தொடங்கியதும் வலப்பக்கம் காடு நெருங்கி வந்தது. ஜோத்தம் குதிரையை மெதுவாக விட்டார். கடைசியில் நிறுத்தியே விட்டார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். சபையில் அரைநாள் பேசிய அந்தக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அன்னிக்கு இந்த மேட்டுக் காட்டுல வச்சு. அவன் என்னைப் பாத்துக்கிட்டு நிப்பான், எப்படிச் சுடப் போறேன்னு பயந்துக்கிட்டே போனேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அவன் என்னைப் பாக்கல எலெக்டா. அங்கேயிருந்து நம்ம வீடு தெரியுது. அடுப்புப் புகை தெரிஞ்சுச்சு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். நான் பின்னால நின்னதே அவனுக்குத் தெரியாது."

அவர் கண் இரண்டும் நிறைந்து வழிந்தன. குதிரை தானாகவே ஓரடி எடுத்து வைத்தது. எலெக்டா கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் கையிலிருந்த கடிவாளத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள். ஏற்றம் முடிகிற வரைக்கும் அவள்தான் ஓட்டினாள்.